கட்டினவர் கைதான் அவிழ்க்க வேண்டும்

மில் டாக்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் படிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கணுக்கால் முறிந்தால் எப்படிக் கட்ட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? எலும்பைப் படம் பிடித்துப் பார்க்கும் யந்திரம் உங்கள் அடுத்த அறையிலேயே இருக்கிறது. எங்கள் காலத்து டாக்டர்களுக்கு விரலும் கண்ணும்தான் யந்திரம். ஆகவே வைத்தியத்தை விட்டுவிடுகிறேன். பயத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதில் எனக்கு உங்களைவிட அனுபவம் அதிகம்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. அடுக்களையில் எலி ஓடினால் இன்றைக்கும் என் மனைவிதான் துடைப்பத்தை எடுப்பாள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போகும் கதையில் நான் வீரன் இல்லை. அதில் வரும் எல்லோரையும் போல நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. நீலகிரி மலைப் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, கோயமுத்தூரில் பீளமேட்டுப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் மில்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி முளைத்த மில் ஒன்றில் எனக்கு டாக்டர் வேலை கிடைத்தது. மில்லுக்குப் பின்னாலேயே வீடும் கொடுத்தார்கள். மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்த வேலை போனால் வீடும் போகும் என்பது தினமும் காலையில் பல் துலக்கும்போதே என் நினைவுக்கு வரும்.

பஞ்சுக் கிடங்கில் மாரப்பன் என்று ஒருவர் வேலை பார்த்தார். ஒருநாள் அடுக்கிலிருந்து பஞ்சுப் பேல் ஒன்று, அதாவது இறுக்கிக் கட்டிய பெரிய பொதி, சரிந்து அவர் வலது கணுக்கால்மேல் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். கூட வேலை செய்தவர்கள் கயிற்றுக் கட்டிலில் போட்டு, வண்டி பிடித்து, அவிநாசிக்குப் பக்கத்தில் அவர் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். மில் ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று கிடங்கில் ஒரு பேச்சு இருந்தது. நான் அதுவரை ஒரு நகத்தைக்கூட வெட்டியதில்லை. ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

ஊரில் ஒரு கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசிக் கட்டுப் போட்டார். யாரோ விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்து, கோயமுத்தூர் வக்கீல் ஒருவர் மூலம் நஷ்டஈடு கேட்டு மில்லுக்கு நோட்டீஸ் வந்தது. அடுத்த நாள் காலை மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

எங்கள் கோயமுத்தூர்ச் சீமையின் மரியாதையை நீங்கள் அறிவீர்கள். மிரட்டுவதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் மிரட்டுவோம். மானேஜர் எனக்கு நாற்காலி காட்டி, காபி வரவழைத்து, ஆற்றிக் கொடுக்காத குறையாகப் பேசினார்.

"டாக்டருங்க, ஒரு சின்ன வேலைங்க. நம்ம கார்ல போயி அந்த மாரப்பன் காலைப் பாத்துட்டு வந்துருங்க. கட்டை அவுத்துக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னு சொன்னா வலுக்கட்டாயமெல்லாம் பண்ண வேண்டாமுங்க. மாட்டேன்னு சொன்னான்னு ஒரு வரி எழுதி, மேஸ்திரிகிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கிப்போட்டு வந்துருங்க. போதுமுங்க."

எவ்வளவு நல்ல மனிதர், வலுக்கட்டாயம் வேண்டாம் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன். என் புத்தி அப்படி!

முன் ஸீட்டில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். கிடங்கில் ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்துவதும் அவர்தான். அவிநாசிப் பக்கத்தில் தோட்டமும் காடும் சொந்தமாக உள்ள குடும்பம். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, அதிகம் பேச மாட்டார். அவரைக் கண்டால் கிடங்கில் இருமுபவன்கூட இருமலை விழுங்கிக்கொள்வான். கார் ஊரைத் தாண்டியதும் அவராகத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டருங்க புதுசு. வெவரம் சொல்லியிருக்காங்களா?"

"காலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்."

மேஸ்திரி முகத்தில் சிரிப்பு வரவில்லை. "கட்டு வைத்தியருகிட்டக் கட்டுன கட்டை எவனுங்க அவுக்க உடுவான்? கட்டுன கைதான் அவுக்கோணுமுங்க. வேற ஆளு தொட்டா எலும்பு கூடாது, காலு வெளங்காதுன்னு ஒரு நம்பிக்கை. ஆரு கேட்டாலும் மாட்டேம்பாங்க. உங்களுக்கு முன்னால இருந்த டாக்டரு இப்பிடித்தானுங்க போயிட்டுப் போயிட்டு வருவாரு. மாட்டேன்னான்னு எழுதிக்குவாரு. நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டம் இப்படி இருந்தது: நோட்டீஸ் வந்ததும் முதலாளி தன் செலவில் டாக்டரை அனுப்பலாம், காயம்பட்டவர் பரிசோதனைக்கு உடன்பட வேண்டும், மறுத்தால், மறுக்கும் வரைக்கும் நஷ்டஈடு கேட்கும் உரிமை நின்றுபோகும். கட்டு வைத்தியரை நம்பிக் காலை மோசமாக்கிக்கொண்டால், அந்த மோசத்துக்கும் முதலாளி பொறுப்பில்லை. மானேஜர் என்னைக் காலைப் பார்க்க அனுப்பவில்லை. 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லை வாங்கிவர அனுப்பியிருந்தார். உங்களையும் ஒருநாள் இப்படி அனுப்புவார்கள். காரும் காபியும் அளவுக்கு மீறி வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

யோசித்தேன். பயத்தோடுதான் யோசித்தேன். போகிற வழியிலேயே எனக்கு ஏற்ற மாதிரி ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தேன். கட்டை அவிழ்க்கச் சொல்லவே வேண்டாம். காலை நீட்டச் சொல்லி, வெளியே தெரியும் விரல்களைப் பார்த்துவிட்டு, 'பார்த்தேன், இப்போது அவிழ்க்கத் தேவையில்லை' என்று எழுதிவிட்டால் போயிற்று. அவருடைய உரிமையும் போகாது, நானும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதியாக ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டு போனேன்.

மாரப்பன் இருந்தது ஊருக்குத் தள்ளி, ஒற்றைச் சந்தில் குடிசைகளாக இருந்த வளவில். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பங்கள் அங்கே இருந்தன. அன்று அவிநாசியில் தேர். ஆண்கள் பாதிப் பேர் அங்கே போயிருந்தார்கள். இருந்தவர்களும் மில் காரையும் அதிலிருந்து இறங்கிய மேஸ்திரியையும் கண்டதும் குழந்தைகளை இழுத்துக்கொண்டு எங்கோ மறைந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோழிகூட அந்தச் சந்தில் இல்லை. மேஸ்திரி சந்தின் முனையிலேயே குடையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் குடும்பத்தில் யாரும் அந்த வளவுக்குள் கால் வைத்ததில்லை. அவர் நிற்க வேண்டிய இடம் எது என்பது அவருக்கும் தெரியும், வளவுக்கும் தெரியும்.

மாரப்பனின் மனைவி நாச்சம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கட்டை மட்டும் அவுத்துப்போடாதீங்க சாமி. உங்க காலுல உழுகறேன்."

"அவிழ்க்கவில்லை அம்மணி. காலை நீட்டினால் போதும், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன்."

அவள் நகர்ந்துகொண்டாள். உள்ளே தரையில் சாக்கு விரித்து மாரப்பன் படுத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று கையமர்த்தி, காலைக் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் தொடையைத் தூக்கி, காலை என் பக்கமாக நீட்டினார். உளுத்தமாவு காய்ந்து கட்டு கல்லாக இறுகியிருந்தது. சித்திரை வெயில் அல்லவா.

"வலி எப்படி இருக்கிறது?"

அவர் முகத்தில் சந்தோஷம். "நேத்து வரைக்கும் உசுரு போச்சுங்க சாமி. கத்திக்கிட்டே கெடந்தேன். இன்னைக்குத்தானுங்க நின்னுருக்குது. மதமதன்னு இருக்குது, வலியே தெரியறதில்லீங்க."

"கட்டு வேலை செய்யுதுங்க," என்றாள் நாச்சம்மாள்.

நீங்கள் டாக்டர். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலி நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. குனிந்து விரல்களைத் தொட்டேன். அந்த வெயிலிலும் அவை குளிர்ந்திருந்தன. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கருநீலமாக இருந்தன. ஊசியால் குத்தினேன், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் குத்தியபோது மட்டும் லேசாக இழுத்துக்கொண்டார். உள்ளே வீங்கியிருக்கிறது, மேலே கட்டு இறுகியிருக்கிறது, நடுவில் ரத்தம் போக வழியில்லை. இன்னும் தாமதித்தால் கால் போகும். அழுக ஆரம்பித்தால் ஆளே போவார்.

என் குறுக்கு வழி அங்கேயே அடைபட்டது. வாசலில் அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லி உள்ளே வந்த வாயால், இப்போது அவிழ்க்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

சொன்னேன். நாச்சம்மாள் ஒரே எட்டில் எனக்கும் காலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா! இதுக்குத்தான வந்தீங்க. உங்களைய அனுப்புனது மில்லுக்காரங்கதான சாமி?"

"ஆமாம். ஆனால் கால்..."

"மொடமாக்கிப்போட்டு, வைத்தியராலதான் மொடமாச்சுன்னு எழுதிப்போடுவீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் வந்த காரும், கொண்டுவந்த காகிதமும், சந்தின் முனையில் நின்ற சாட்சியும் அதற்காகத்தான். நான் உண்மையைச் சொல்கிறேன் என்று அவள் எதை வைத்து நம்புவாள்? சத்தியம் செய்தேன். என் பச்சைக் குழந்தைமேல் ஆணையிட்டேன். அவள் அசையவில்லை. நான் கெஞ்சக் கெஞ்ச அவள் பயம்தான் அதிகமாயிற்று. அவள் முதுகுக்குப் பின்னால் அந்த விரல்கள் தெரிந்துகொண்டே இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது என்றால் சிரிப்பீர்கள்.

அப்போது ஒன்று தோன்றியது. அவர்கள் என்னிடம் பயப்படுவது என் கைக்காக இல்லை. என் பையில் இருந்த காகிதத்துக்காக. அந்தக் காகிதம் என்னிடம் இருக்கும் வரைக்கும் நான் மில்தான். காகிதம் அவர்களிடம் போய்விட்டால், நான் வெறும் டாக்டர்.

பையைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். தமிழிலேயே எழுதினேன். மாரப்பன் பரிசோதனைக்கு உடன்பட்டு என்னிடம் காலை நீட்டிக் காட்டினார். வேலை நேரத்தில் பேல் விழுந்து கணுக்கால் முறிந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து வராமல் இருக்கக் கட்டைத் தளர்த்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இவ்வளவுதான். எல்லாம் நடந்தது நடந்தபடி. கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு இடத்தில் மை கொட்டியது. மில் வீட்டின் ஓட்டுக்கூரை கண்முன்னால் வந்து வந்து போயிற்று.

காகிதத்தை நாச்சம்மாளிடம் கொடுத்தேன். "இது உங்களுடையது. இனிமேல் நீங்கள் கட்டை அவிழ்க்க விட்டாலும் விடாவிட்டாலும், மறுத்தார்கள் என்று என்னால் எழுத முடியாது. இப்போது சொல்கிறேன், கால் செத்துக்கொண்டிருக்கிறது."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாரப்பனுக்கும் தெரியாது. நான் படித்துக் காட்டினால் நம்புவாளா? காகிதத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். சந்தின் முனைக்குப் போய், எட்ட நின்று, காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

"மேஸ்திரிங்க, என்ன எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சாமி."

அங்கே என்னைத் தவிரப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். 'மாரப்பன் மறுத்துவிட்டான்' என்று படித்தால் அதோடு எல்லாம் முடிந்தது. மேஸ்திரி குனிந்து எடுத்தார். வாய்க்குள் ஒரு முறை படித்தார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டாக்டருங்க, இதைக் குடுத்துப்போட்டு நீங்க மில்லுல இருக்க முடியாதுங்க."

"தெரியும். படியுங்கள்."

உரக்கப் படித்தார். ஒரு சொல் மாறவில்லை. உள்ளேயிருந்து மாரப்பனின் குரல் வந்தது. "அவுத்துரலாம் நாச்சி. ஆனா வைத்தியரு கைதான் அவுக்கோணும்."

கட்டு வைத்தியர் அவிநாசித் தேருக்குப் போயிருந்தார். மில் காரிலேயே நாச்சம்மாளை ஏற்றி அனுப்பினேன். டிரைவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வேறு எங்கோ பார்த்தார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்தக் காத்திருப்பை நான் விவரிக்கப் போவதில்லை. மாரப்பன் பாதத்தை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தேன். சூடு ஏறவே இல்லை.

வைத்தியர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து இறங்கினார். வயதானவர், மாட்டுக்கும் மனிதருக்கும் கட்டுப் போட்டே காய்த்துப்போன கைகள். விரல்களைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் என்னைப் பார்த்ததும், மேஸ்திரியைப் பார்த்ததும், வந்த வழியே இரண்டடி பின்வாங்கினார்.

"நான் அவுக்கமாட்டேனுங்க. நான் அவுத்தா, காலு போனதுக்கு நாந்தான் காரணம்னு கேஸ் போட்டு உள்ளே தள்ளிப்போடுவீங்க."

பாருங்கள் கூத்தை. அவிழ்க்க உரிமை உள்ளவருக்கு என்னிடம் பயம். அவிழ்த்தாக வேண்டும் என்று சொல்கிற எனக்கு மானேஜரிடம் பயம். நாச்சம்மாளுக்கு எங்கள் எல்லோரிடமும் பயம். எல்லோர் பயத்துக்கும் நடுவில் ஒரு கால் கறுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, உங்கள் கையே அவிழ்க்கட்டும், என் கையும் கூடவே இருக்கும். போனால் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து போகட்டும்," என்றேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெந்நீர் ஊற்றி மாவை ஊறவைத்து, துணியைப் பொறுமையாக உரித்து, பத்தையை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதுவரை முறிந்த எலும்பு அசையாமல் கெண்டைக்காலை ஒருவர் மட்டமாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எனக்குப் பாதத்தில் வேலை. நாச்சம்மாள் மாரப்பனின் தோளைப் பிடித்திருந்தாள். அவர் துள்ளாமல் இருக்க அவள் அங்கேயே இருந்தாக வேண்டும். டிரைவர் வைத்தியரை இறக்கிவிட்டுக் காருக்குத் தண்ணீர் தேடிப் போயிருந்தார்; வளவில் வேறு ஆள் இல்லை.

வைத்தியர் சந்தின் முனையில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாரப்பன் பதறினார். "வேண்டாமுங்க சாமி, அவரு வேண்டாமுங்க. தப்பாப் போயிரும்."

மேஸ்திரி சந்தின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாரப்பனின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பத்தை வந்ததும் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஏறியது. மாரப்பன் 'ஐயோ' என்று கூரை அதிர அலறினார். அந்த அலறலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. செத்த கால் வலிக்காது. நாச்சம்மாள் மட்டும் ஏன் இந்த டாக்டர் சிரிக்கிறான் என்று என்னை முறைத்தாள். வைத்தியரும் நானும் சேர்ந்து தளர்வாக வேறு கட்டுப் போட்டோம். சுண்டு விரல் பிழைக்கவில்லை. மற்ற நாலும் பிழைத்தன.

திரும்பும்போது மேஸ்திரி பின் ஸீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பீளமேடு நெருங்கும்போது, டிரைவர் காதில் விழாமல் சொன்னார்: "டாக்டருங்க, அங்க நடந்ததைய வெளிய சொல்லிப்போடாதீங்க. காகிதத்தைச் சொல்லலீங்க. மடியில வெச்சதைய. எங்க ஊட்டுல தெரிஞ்சா என்னையத் தள்ளி உக்கார வெச்சுச் சோறு போடுவாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மானேஜர் விஷயத்தைக் கேட்டு, "அப்புடீங்களா, நல்லதுங்க," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கேஸ் வரும் வரைக்கும் என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. தினமும் இன்றைக்கா நாளைக்கா என்று இருப்பதைவிட அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில மாதங்கள் கழித்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் கோயமுத்தூருக்கு வந்து விசாரித்தார். மில் தரப்பில் சொன்னது இதுதான்: மில் டாக்டரின் கையைக் கட்டின்மேல் படவிடவில்லை, ஆகவே மாரப்பன் பரிசோதனைக்கு மறுத்தவர், டாக்டர் இரக்கப்பட்டு எழுதிய காகிதம் செல்லாது, சாட்சிக்கு மேஸ்திரி இருக்கிறார். இது நின்றால் மாரப்பனுக்கு ஒன்றும் கிடையாது. பேல் தூக்கும் வேலைக்கு அந்தக் கால் இனி உதவாது. நஷ்டஈடு வந்தால் ஒரு மாடு வாங்கிப் பிழைத்துக்கொள்வதாக இருந்தார். வராவிட்டால் அதற்கும் வழியில்லை.

நான் நடந்ததைச் சொன்னதும் மில் வக்கீல் என்னைக் கேட்டார்: "வைத்தியர் கட்டை அவிழ்க்கிறார், மனைவி தோளைப் பிடித்திருக்கிறாள், நீங்கள் விரலைப் பார்க்கிறீர்கள். நோயாளி துடிக்கிறார். அப்படியானால் முறிந்த காலைத் தாங்கியது யார்?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் அவர் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், 'சொல்வதற்கில்லை' என்றேன். மாரப்பனிடமும் அதே கேள்வி. "கண்ணை மூடிக்கிட்டனுங்க, தெரியலீங்க," என்றார். மேஸ்திரி பெயரைச் சொன்னால் வளவில் யார் வீடு எரியும் என்பது அவருக்குத் தெரியும்.

"தாங்கியவர் யாரும் இல்லை. ஏனென்றால் இப்படி ஒரு பரிசோதனை நடக்கவே இல்லை," என்று வக்கீல் உட்கார்ந்தார்.

மேஸ்திரி கூண்டில் ஏறினார். வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று அந்த அம்மாள் சொன்னாளா? சொன்னாளுங்க. டாக்டர் தன் கையால் அவிழ்த்தாரா? இல்லீங்க. எதிரே நாச்சம்மாள் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

கமிஷனர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "யார் யார் என்ன சொன்னார்கள் என்பது இருக்கட்டும். அந்தக் காலை டாக்டர் பரிசோதித்தாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்?"

மேஸ்திரி பின்னால் திரும்பிப் பங்காளிகளைப் பார்த்தார். மானேஜரைப் பார்த்தார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கமிஷனர் கேள்வியை மறுபடி கேட்டார்.

"தூரமெல்லாம் இல்லீங்க," என்றார் மேஸ்திரி. பிறகு அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அந்தக் காலு எம்மடியிலதானுங்க இருந்துச்சு. நான்தானுங்க புடிச்சுக்கிட்டிருந்தேன். டாக்டரு வெரல் வெரலாப் பாத்தாருங்க."

பின் பெஞ்சில் துண்டை உதறும் சத்தம் கேட்டது. பங்காளிகள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள்.

நஷ்டஈடு கிடைத்தது. எனக்கும் அந்த மாதமே வேலை போயிற்று, வீட்டைக் காலி செய்தேன். காந்திபுரத்தில் ஒரு சின்ன அறை பிடித்து டாக்டர் போர்டு மாட்டினேன். தொழிலாளிகள் வந்தார்கள், பிழைத்துக்கொண்டேன். முறிந்த காலுக்குப் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், முதலில் இங்கே யார் யாருக்கு எதனால் பயம் என்று பார்ப்பேன். நான் எதனால் பயப்படுகிறேன் என்பதையும் சேர்த்துத்தான். அதைப் பார்க்காமல் காலைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் அன்று கூடத்துக்கு வெளியே பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மேஸ்திரி குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் தனியாக நின்றார். அவரைத் தாண்டிப் போன பங்காளிகளில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். மாரப்பன் கோலை ஊன்றிக்கொண்டு நாச்சம்மாளோடு வந்தார். வழக்கம் போல எட்டத்திலேயே நின்றுகொண்டார். கும்பிடக் கையெடுத்தால் கோல் விழுந்துவிடும். அதனால் என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறினார்.

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். கிடங்கில் அதட்டும் அதே குரலில் கேட்டார்.

"வெரலு அசையுதாடா?"

மாரப்பன் சுவரில் சாய்ந்து, வலது காலை மெதுவாகத் தூக்கி, மேஸ்திரி பக்கமாக நீட்டி, நாலு விரலையும் அசைத்துக் காட்டினார்.